கெல்டிக் முடிச்சு மோதிரத்தை நம் ஊர் ஆசாரி செய்தால் போலியா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். டப்ளினில் வேலை பார்க்கிறீர்கள். மணக்கப் போகிற பெண் அயர்லாந்துக்காரர். இருவருக்கும் கெல்டிக் முடிச்சு (இழைகள் மேலும் கீழுமாகப் பின்னி ஓடும் அலங்காரம்) போட்ட மோதிரம் வேண்டும். அங்கே கடையில் ஒவ்வொரு முடிச்சுக்கும் 'பழங்காலப் பொருள்' அச்சடித்த அட்டை தருகிறார்கள். அந்தப் பொருள் நிஜமா, கும்பகோணத்தில் உங்கள் குடும்பத்துக்கு நகை செய்யும் ஆசாரியிடம் 22 காரட்டில் செய்யக் கொடுத்தால் அது போலியாகிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு கேள்வி போலத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான்: பெண் வீட்டார் முன்னால் கூச்சமில்லாமல் போட்டுக்கொள்ள வேண்டுமானால் இந்த நகையில் எது சரியாக இருக்க வேண்டும்? அட்டையில் உள்ள பொருளா, செய்கிறவர் பிறந்த ஊரா, வேலையா? என் கட்சி வேலைதான். ஏன் என்று சொல்கிறேன்.

நான் தட்டார் வீட்டுப் பிள்ளை. ஸ்காட்லாந்தில் சிறிய பட்டறை வைத்து, சொல்லிச் செய்கிற வெள்ளி, தங்க நகைகள் செய்கிறேன். பட்டறை விஷயத்தை அடித்துச் சொல்வேன். வரலாறு, அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டிகளுக்கு முன்னால் நின்றும் ஆய்வாளர்கள் எழுதியதைப் படித்தும் கற்றது. பழைய ஐரிஷ் மொழி எனக்கு வராது; அந்தக் கதைகளை மொழிபெயர்ப்பில்தான் படித்திருக்கிறேன். எனாமல் வேலை நான் செய்வதில்லை என்பதால் அதை இங்கே தொடவில்லை.

முதலில் அந்த அட்டை. 'காதல் முடிச்சு', 'கேடய முடிச்சு', 'தந்தை-மகள் முடிச்சு' என்றெல்லாம் போட்டிருக்குமே, அவற்றுக்குப் பழைய சான்று கிடையாது. முடிச்சுகள் வரையப்பட்ட காலத்திலிருந்து இந்த முடிச்சுக்கு இந்தப் பொருள் என்று சொல்லும் ஓர் ஏடுகூட நமக்கு வந்து சேரவில்லை. பெயர்களும் பொருள்களும் மிகப் பெரும்பாலும் பிற்காலத்தவை. பல, நகைக் கடைகளோடு சேர்ந்து வளர்ந்தவை. இன்னும் ஒரு படி மேலே போகலாம். கெல்ட்டுகள் என்று வரலாறு முதலில் அறியும் மக்களின் கலையில் முடிச்சே இல்லை. சுவிட்சர்லாந்தில் நியூஷாட்டல் ஏரிக்கரையில் உள்ள லா தென் என்ற இடத்தின் பெயரால் அழைக்கப்படும் அந்தக் கலை, சுமார் கி.மு. 450 முதல் ஐரோப்பாவில் பரவியது. அதில் இருப்பவை சுருள்கள், கொடிகள், ஊதுகொம்பு போல விரியும் வளைவுகள். அந்த மரபின் பெரிய நகை, டார்க் எனப்படும் கழுத்து வளையம். இங்கிலாந்தின் ஸ்னெட்டிஷத்தில் 1950இல் உழும்போது கிடைத்த ஒன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எட்டு எட்டுக் கம்பிகளாக முறுக்கிய எட்டு வடங்கள், ஆக 64 கம்பிகள். எடை ஒரு கிலோவுக்குச் சற்று மேல். வடங்களின் நுனிகள் மேலேயே வார்த்துச் சேர்த்த கனமான முனைகள். இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய அந்த வேலையைப் பார்த்துவிட்டு என் கம்பி வேலையைப் பார்க்க எனக்கே வெட்கமாக இருக்கும்.

முடிச்சும் பின்னலும் அயர்லாந்துக்கும் பிரிட்டனுக்கும் கி.பி. 6, 7ஆம் நூற்றாண்டுகளில்தான் வருகின்றன, கிறிஸ்தவத்தோடு. ரோமானியத் தரைச்சித்திரங்களிலும் கிழக்கு மத்தியதரைக்கடல் பக்கத்துக் கலையிலும் இருந்த பின்னல் ஒரு பக்கம். ஆங்கிலோ-சாக்சன் கொல்லர்கள் செய்த, விலங்கு உடல்கள் ஒன்றையொன்று கடிக்கும் பின்னல் இன்னொரு பக்கம். இவற்றைப் பழைய லா தென் சுருளோடு சேர்த்துக் குழைத்தவர்கள் மடாலயத்து எழுத்தர்களும் உலோக வேலைக்காரர்களும். சுமார் கி.பி. 800இல் எழுதப்பட்டு இப்போது டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் இருக்கும் கெல்ஸ் நூல் என்ற நற்செய்தி ஏடு அதன் உச்சம். கலப்பு அங்கேயும் நிற்கவில்லை. 1123இல் கோனாக்ட் அரசன் செய்வித்த காங் சிலுவையில் நெளியும் பாம்புகள் வைக்கிங் பாணி. மூன்று முனை முடிச்சு இன்று அயர்லாந்தின் அடையாளம் போல விற்கப்பட்டாலும் ஸ்காண்டிநேவியாவில் ரூன் என்ற பழைய எழுத்து பொறித்த கற்களிலும் இருக்கிறது. அயர்லாந்தின் நியூகிரேஞ்சில் இருக்கும் மூன்று சுருள் கி.மு. 3200 வாக்கில் கட்டிய கல்லறையில் உள்ளது; கெல்ட்டு என்ற பெயரோடு சேர்க்கப்படும் எதற்கும் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் முந்தியது. ஆகவே 'தூய கெல்டிக்' என்று யாராவது சொன்னால் சிரித்துக்கொண்டே அடுத்த கடைக்குப் போங்கள்.

பொருள் பிற்காலத்தது என்பதால் பொருளே இல்லை என்று ஆகிவிடாது. கால்வே நகரை ஒட்டிய கிளாடா என்ற மீனவக் குடியிருப்பின் பெயர் தாங்கிய மோதிரத்தையே எடுங்கள்: இரு கைகள், நடுவில் இதயம், மேலே கிரீடம். கை கோத்த மோதிரம் ரோமானியர் காலத்திலிருந்து ஐரோப்பா முழுக்க உண்டு. கிளாடா வடிவில் இன்று கிடைப்பவற்றில் பழையவை சுமார் 1700ஐச் சேர்ந்தவை. அவற்றில் ரிச்சர்ட் ஜாய்ஸ் என்ற கால்வே பொற்கொல்லரின் முத்திரை உண்டு. இதுவரை உறுதி. ஜாய்ஸை அல்ஜீரியக் கடற்கொள்ளையர் பிடித்துப்போய் ஒரு பொற்கொல்லருக்கு விற்றார்கள், அங்கே தொழில் கற்றார், மூன்றாம் வில்லியம் மன்னர் பதவியேற்ற பின் விடுதலையாகி 1689 வாக்கில் ஊர் திரும்பினார் என்பது வழிவழியாகச் சொல்லும் கதை. அடிமையாக இருந்தபோதே காதலிக்காக அந்த மோதிரத்தை வடிவமைத்தார் என்ற பகுதி பிறகு பூத்த பூ என்றே நினைக்கிறேன். ஆனாலும் கால்வேயில் அம்மாவிடமிருந்து மகளுக்கு மோதிரம் போவது நிஜமான வழக்கம். முந்நூறு ஆண்டு வழக்கத்துக்கு யாரும் அட்டை அச்சடிக்க வேண்டியதில்லை. பெண் வீட்டில் அப்படி ஒரு மோதிரம் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இருந்தால் உங்கள் கேள்வியில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

இனி, வெளியூர் ஆசாரி செய்தால் போலியா என்பது. இதற்கு எனக்குப் பிடித்த பதில் தாரா புரோச், அதாவது உடையில் குத்தும் ஒரு பழைய ஐரிஷ் அலங்கார ஊசி. அயர்லாந்துத் தேசிய அருங்காட்சியகத்தில், உங்கள் அலுவலகத்திலிருந்து பஸ் பிடித்துப் போய் இலவசமாகவே பார்க்கலாம். பார்க்காமல் மோதிரம் செய்யக் கொடுக்காதீர்கள். சுமார் கி.பி. 700இல் செய்தது. 1850இல் மீத் மாவட்டத்தின் பெட்டிஸ்டவுன் கடற்கரையில் கிடைத்ததாகச் சொன்னார்கள். அரசர்களின் குன்றான தாராவுக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. வாங்கிய டப்ளின் நகை வியாபாரி வாட்டர்ஹவுஸ், விற்பனைக்கு எடுப்பாக இருக்கட்டும் என்று வைத்த பெயர் அது. அவர் அதன் நகல்களைச் செய்து விற்றார். மூலத்தை 1851 லண்டன் பொருட்காட்சியில் வைத்தார். இன்று நாம் 'கெல்டிக் நகை' என்று சொல்லும் வியாபாரத்தின் பெரும் பகுதிக்கு அந்தக் காலம்தான் வித்து. பெயர் வியாபாரியுடையது, நகல் விக்டோரியா காலத்துப் பட்டறையுடையது. ஆனால் மூலத்தின் வேலை இருக்கிறதே, அது வேறு ரகம்.

வளையத்தின் விட்டம் 9 சென்டிமீட்டருக்குள். வார்த்த வெள்ளிக்குத் தங்க முலாம். முகப்பில் சிறு சிறு அறைகள், ஒவ்வோர் அறைக்குள்ளும் தங்கத் தகட்டின் மேல் மணிமணியாக உருட்டிய நுண்கம்பி வைத்துப் பற்றவைத்த பாம்பும் மிருகமும். நடுநடுவே கண்ணாடிக் குமிழ்கள், அம்பர் (கல்லாக இறுகிய மரப்பிசின்). சட்டையில் குத்தினால் வெளியே தெரியாத பின்பக்கத்திலும் அதே கவனம். பொடி (பற்றாசு) வைத்து ஊதிப் பற்றவைக்கிற யாருக்கும் அதைப் பார்த்தால் ஒரு கேள்வி வரும்: இத்தனை மெல்லிய கம்பி உருகாமல், பொடி மட்டும் உருக எப்படிச் சூடு பிடித்தார்கள்? அடுப்புக் கரியும் ஊதுகுழலும் மட்டுமே இருந்த காலம். ஒரு விநாடி பிசகினால் மிருகத்தின் கால் உருண்டையாகிவிடும்.

அந்த நகையின் ஓரத்தில் ஒரு துண்டு வெள்ளிச் சங்கிலி தொங்கும். கண்ணிகளைத் தனித்தனியாகக் கோத்ததல்ல. கம்பியைச் சுற்றிச் சுற்றிப் பின்னியது. இந்த வகைப் பின்னலைத் தொல்லியலாளர்கள் 'டிரிச்சினாப்பலி' என்றே அழைக்கிறார்கள். நம் திருச்சிராப்பள்ளிதான். 19ஆம் நூற்றாண்டில் திருச்சி தட்டார்கள் செய்த சங்கிலிகள் பிரிட்டனில் பேர் பெற்றிருந்ததால், அதைப் போல இருந்த பழைய ஐரோப்பியப் பின்னலுக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. கி.பி. 700இல் அயர்லாந்தில் இருந்தவன் திருச்சியைக் கேள்விப்பட்டிருக்க மாட்டான். அவன் கை அங்கேயே கற்றது. திருச்சிக்காரர் கையும் தானாகக் கற்றதே. இரண்டு கையும் ஒரே தீர்வுக்கு வந்து சேர்ந்தன, அவ்வளவுதான். செய்முறை எளிது, பொறுமைதான் அதிகம் வேண்டும். சுத்த வெள்ளிக் கம்பி, நான் 0.4 மில்லிமீட்டர் எடுப்பேன், நன்றாகப் பதப்படுத்தி, ஒரு குச்சியைச் சுற்றி முந்தைய வரிசைக் கண்ணிக்குள் அடுத்ததை நுழைத்து நுழைத்துப் பின்ன வேண்டும். பின்னி முடித்ததும் ஒரு மரப்பலகையில் பெரிதிலிருந்து சிறிதாகத் துளைகள் போட்டு ஒவ்வொன்றாக இழுத்தால் சங்கிலி நீண்டு, இறுகி, பாம்பு போல வழவழவென்று ஆகும். நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்கிறேன்: மோதிரத்தோடு மணப்பெண்ணுக்கு ஒரு பதக்கமும் செய்வதாக இருந்தால் இந்தச் சங்கிலியில் போடுங்கள்.

இப்போது மோதிரம். வாங்குகிறவர்கள் சரிபார்க்க மறப்பது உலோகத்தை அல்ல, கோட்டை. கெல்டிக் முடிச்சின் இலக்கணம் இரண்டே வரி. கோடு எங்கும் அறுந்து நிற்கக் கூடாது. ஒவ்வோர் இழையும் ஒரு முறை மேலே போனால் அடுத்த முறை கீழே போக வேண்டும். பழைய எழுத்தர்கள் கட்டமும் புள்ளியும் வைத்துத்தான் வரைந்திருக்கிறார்கள். சில ஏடுகளில் அந்தக் குறிகள் தெரிகின்றன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரோமிலி ஆலன் நூற்றுக்கணக்கான சிற்பக் கற்களை ஆராய்ந்து, முடிச்சு என்பது சாதாரணப் பின்னலில் சில குறுக்குகளை அறுத்து, முனைகளை வளைத்துச் சேர்த்தால் வருவது என்று விளக்கினார். ஜார்ஜ் பெய்ன் என்ற ஸ்காட்லாந்து ஓவிய ஆசிரியர் அதைப் பள்ளிப் பிள்ளையும் வரையும்படி ஆக்கி 1951இல் நூலாக வெளியிட்டார். இன்றைய நகைக்காரர்களில் பாதிப் பேர் அவர் வழி வந்தவர்கள். நம் ஊரில் புள்ளி வைத்துச் சிக்குக் கோலம் போடுகிறவர்களுக்கு இது பத்து நிமிடத்தில் பிடிபடும். அங்கே மேலே-கீழே இல்லை, இங்கே உண்டு என்பதே வித்தியாசம்.

கோலத்தில் ஒரே கோட்டில் முடியுமா, இரண்டு மூன்று கோடாகப் பிரியுமா என்பது புள்ளி எண்ணிக்கையைப் பொறுத்தது. மோதிரத்திலும் அதே கணக்கு. பள்ளியில் படித்த மீ.பொ.வ. போதும். மோதிரத்தைச் சுற்றிப் போகிற பின்னலில் எத்தனை இழை, ஓர் ஓரத்தில் எத்தனை வளைவு என்று எண்ணுங்கள். இரண்டு எண்ணுக்கும் மீப்பெரு பொது வகுத்தி 1 என்றால் முழு மோதிரமும் ஒரே கோடு. மூன்று இழை, எட்டு வளைவு என்றால் ஒரே கோடு, எங்கே தொட்டாலும் சுற்றிச் சுற்றித் தொட்ட இடத்துக்கே வரும். மூன்று இழை, ஒன்பது வளைவு என்றால் மூன்று தனித்தனி வளையங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். 'முடிவில்லாத ஒரே கோடு, முடிவில்லாத அன்பு' என்று அட்டை போட்டு விற்ற மோதிரங்களில் ஊசி முனையை வைத்து எண்ணிப் பார்த்திருக்கிறேன். சிலவற்றில் மூன்று கோடு இருந்தது. அன்பில் மூன்றாவது ஆள் யார் என்று கடைக்காரரைக் கேட்கத் தோன்றும். உங்கள் மோதிரத்துக்கு ஒரே கோடு வேண்டுமானால் இதை வரைபடத்திலேயே முடிவு செய்யுங்கள், பிறகு திருத்த வழியில்லை.

விரல் அளவும் இதில் வந்து மாட்டும். உள்விட்டம் 18 மில்லிமீட்டர், தடிமன் 1.8 மில்லிமீட்டர் என்றால் பட்டையின் நீளம், 19.8ஐ 3.14ஆல் பெருக்கி, சுமார் 62.2 மில்லிமீட்டர். எட்டு வளைவு என்றால் ஒன்று 7.8 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. பத்து என்றால் 6.2. அகலம் 6 மில்லிமீட்டர் மோதிரத்தில் எட்டு வளைவு கொஞ்சம் நீண்டு ஓடும், பத்து நெருக்கமாக அமரும். மணப்பெண் மோதிரம் சிறிய அளவு, அதில் எட்டுதான் நன்றாக வரும். இரண்டு மோதிரத்துக்கும் ஒரே எண் இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். இழை அகலம் ஒன்றாக இருந்தால் ஜோடியாகத் தெரியும்.

செய்யும் வழிக்கு வருவோம். உங்கள் ஆசாரி தகட்டில் கோடு கீறி நிழல் போட்டால் அது முடிச்சின் படம்தான். முடிச்சாக வேண்டுமானால் இழை நிஜமாகவே கீழே இறங்கி அடுத்ததன் அடியில் போய் மேலேற வேண்டும். இதற்கு மெழுகில் செதுக்கி வார்ப்பது நல்ல வழி. 2 மில்லிமீட்டர் தடிமன் இருந்தால் 0.7 வரை பள்ளம் எடுக்கலாம், அடியில் 1.3 நிற்கும், அதற்குக் கீழே போனால் மோதிரம் நெளியும். குறுக்கே போகும் இடத்தில் அடி இழையைச் செங்குத்தாக வெட்டாமல், இரண்டு பக்கமும் சரிவாக இறக்க வேண்டும். இந்தச் சரிவில்தான் நல்ல வேலையும் அவசர வேலையும் பிரிகின்றன. கணினியில் வரைந்து, அச்சிட்டு, கோவையிலோ வேறெங்கோ வார்ப்புப் பட்டறையில் வார்த்து வாங்குவதும் குற்றமில்லை. அதிலும் சரிவைக் கையால் திருத்தச் சொல்லுங்கள். இரண்டாவது வழி, கம்பியை நிஜமாகவே பின்னி ஓரத்தில் பட்டை வைத்துப் பற்றவைப்பது. பார்க்க உயிரோடு இருக்கும், ஆனால் அழுக்கு தங்கும், கம்பளிச் சட்டையில் மாட்டும். தினமும் போடுகிற மோதிரத்துக்கு நான் சொல்ல மாட்டேன்.

22 காரட் பற்றி உங்கள் அம்மா என்ன சொல்வார் என்று தெரியும். ஆனால் தொழில்காரனாக என் பதில்: தாலிக்கு 22, முடிச்சு மோதிரத்துக்கு 18. 916 தங்கம் மென்மை. வழவழப்பான மோதிரத்தில் அது குறையே இல்லை. முடிச்சு மோதிரத்தின் அழகோ விளிம்பில் இருக்கிறது, விளிம்புதான் முதலில் தேயும். மேசை, கார் கதவு, பாத்திரம் என்று தினமும் உரசினால் சில ஆண்டுகளில் மேலே போகும் இழையும் கீழே போகும் இழையும் சமமாகிவிடும். 18 காரட் இதை இன்னும் நன்றாகத் தாங்கும், 14 அதைவிட. 22தான் என்றால் பள்ளத்தை ஆழமாக, இழையை அகலமாக வைத்து, மூன்று இழைக்கு மேல் போகாமல் செய்யச் சொல்லுங்கள். இன்னொன்று: வெள்ளியில் பள்ளத்தைக் கந்தகக் கலவையால் கறுக்கவைத்துக் கோட்டை எடுத்துக் காட்டலாம். உயர் மாற்றுத் தங்கத்தில் அந்த வித்தை பலிக்காது. அங்கே பள்ளத்தில் ஊசிப் புள்ளி குத்தி மங்கலாக்கி, மேல் இழைக்கு மட்டும் மெருகு கொடுக்க வேண்டும். மெருகு போடுகிற பையன் சக்கரத்தில் வைத்து எல்லாவற்றையும் பளபளவென்று ஆக்கிவிடுவான். முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

ஆசாரியிடம் பேச்சு எப்படி? இணையத்தில் பிடித்த மங்கலான படத்தைக் காட்டி 'இதே மாதிரி' என்று சொல்லாதீர்கள். அவர் கை நல்ல கை, ஆனால் இந்த இலக்கணம் அவருக்குப் பழக்கமில்லை. படத்தில் தெரியாத குறுக்கை ஊகித்துப் போடுவார், எங்கோ ஓரிடத்தில் இரண்டு முறை தொடர்ந்து மேலே போய்விடும். நம் ஊரில் யாரும் கவனிக்க மாட்டார்கள், உங்கள் மாமனார் கவனிப்பார். முழுப் பட்டையையும் நேரான கீற்றாக, நிஜ அளவில் ஒன்றும் ஐந்து மடங்கில் ஒன்றும் வரைந்து, குறுக்கு ஒவ்வொன்றிலும் எது மேல் என்று தெளிவாகக் காட்டிக் கொடுங்கள். முதலில் வெள்ளியில் ஒரு மாதிரி வார்க்கச் சொல்லி, ஊசியால் தடம் பிடித்துப் பாருங்கள். செய்கூலியை எடைக்குப் பேசாமல் உருப்படிக்குப் பேசுங்கள். எடைக்குப் பேசினால், ஒரு நாள் முழுக்கச் செதுக்கிப் பள்ளம் எடுக்கிற மனிதருக்குக் கிடைப்பது குறையும். அது அவருக்கும் நியாயமில்லை, உங்கள் மோதிரத்துக்கும் நல்லதில்லை. சேதாரம் எவ்வளவு என்பதைத் தொடங்கும் முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

முடிச்சு மட்டுமே வழி என்று நினைக்க வேண்டாம். ஐரிஷ் கதைகளில் உலோக வேலை நிறைய வரும். போரில் கையை இழந்த நுவாடா அரசனுக்கு டியன் கெக்ட் என்ற மருத்துவன் வெள்ளிக் கை பொருத்துகிறான். கூட நின்று உதவுகிறவன் கிரேட்னே என்ற உலோகக் கலைஞன். திருமணத்துக்கு என்றால் அங்கஸின் கனவு என்ற கதையைப் பெண்ணிடம் கேளுங்கள். கனவில் கண்ட பெண்ணைத் தேடி அலையும் அங்கஸ், நூற்றைம்பது பெண்களுக்கு நடுவே அவளை அடையாளம் காண்கிறான். இரண்டு இரண்டு பேராக அவர்களை வெள்ளிச் சங்கிலி பிணைத்திருக்கிறது. அவள் கழுத்தில் வெள்ளி அணி, தங்கச் சங்கிலி. அவள் ஓராண்டு பெண்ணாகவும் ஓராண்டு அன்னமாகவும் இருக்கிறவள். 'சௌவின்' (Samhain) என்ற நவம்பர் தொடக்கத் திருநாளில் ஏரிக்கரையில் அவனும் அன்னமாகி அவளோடு பறந்து போகிறான். இரண்டு அன்னத்தின் கழுத்துகள் பின்னிய பதக்கம், அதற்கு நான் மேலே சொன்ன பின்னல் சங்கிலி என்று செய்தால் எந்த அட்டையும் தேவைப்படாது. ஒரு வழிகாட்டியும் உண்டு: 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்தின் அயோனா தீவில் அலெக்சாண்டர், யூஃபீமியா ரிட்சி தம்பதி, கண்ணெதிரே கிடந்த மடாலயச் சிற்பக் கற்களைப் பார்த்து வரைந்தே வெள்ளி நகைகள் செய்தார்கள். அவர்களுடையதும் கெல்டிக் கலை மறுமலர்ச்சிக் காலத்து வேலைதான். ஆனால் எந்தக் கல்லிலிருந்து என்று கேட்டால் சொல்ல முடிந்த வேலை. வடிவமைப்பாளர் யாராக இருந்தாலும் அந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்.

உள்பக்கத்தில் ஓகம் எழுத்தில் (ஒரு நடுக்கோட்டின் மேல் கீறல்களாகப் போடும் பழைய ஐரிஷ் எழுத்து) வாசகம் போடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். சுமார் 400 ஓகம் கற்கள் மிஞ்சியிருக்கின்றன, அயர்லாந்தின் தெற்கில் அதிகம். அவற்றில் இருப்பவை பெரும்பாலும் 'இன்னார் மகன் இன்னார்' என்ற பெயர்கள். ஆகவே இருவர் பெயரையும் போட்டால் எழுத்தின் பழைய பயன்பாட்டுக்கு அது பொருந்தும். காதல் வசனம் போடுவது இன்றைய பழக்கம். கல்லில் விளிம்பே நடுக்கோடாக இருந்தது. மோதிரத்தின் உள்ளே விளிம்பு இல்லாததால், பிற்கால ஏடுகளில் செய்தது போல ஒரு நடுக்கோடு இழுத்து அதன் மேல் கீறல்களைப் போட வேண்டும். எழுத்துப்பெயர்ப்பை அந்த மொழி தெரிந்த ஒருவரிடம் காட்டிவிட்டுத் தாருங்கள், என்னிடம் வேண்டாம். உங்கள் பெயரைத் தமிழிலேயே போட்டாலும் எனக்குச் சம்மதம்.

சட்டப் பக்கம் சின்னது. இந்தியாவில் செய்தால் பிஐஎஸ் முத்திரையும், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளக் குறியும் கேளுங்கள். 18 காரட்டுக்கு 750 என்று இருக்கும். அயர்லாந்தில் விற்கப்படும் தங்க நகைக்கு முத்திரை கட்டாயம். 1637 முதல் அந்த வேலையைச் செய்வது டப்ளின் அசே அலுவலகம். நீங்கள் போட்டுக்கொள்ளத்தான் கொண்டுபோகிறீர்கள் என்பதால் அந்தக் கட்டாயம் உங்களுக்கு இல்லை. சுங்கம் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து விமானத்தில் வருகிறவர் 430 யூரோவுக்கு மேல் மதிப்புள்ள புதுப் பொருளை அறிவிக்க வேண்டும். இரண்டு தங்க மோதிரம் நிச்சயம் அதைத் தாண்டும், ரசீதைக் கையில் வைத்திருங்கள்.

அளவு எடுப்பதில் மட்டும் அவசரம் வேண்டாம். சுற்றிலும் முடிச்சு ஓடுகிற மோதிரத்தைப் பிறகு வெட்டி ஒட்டிப் பெரிதாக்கினால் அந்த இடத்தில் கோடு அறுந்துவிடும், ஒரு குறுக்கு போய்விடும். டப்ளின் குளிரில் காலையில் எடுத்த அளவு, கும்பகோணத்து மே மாத வெயிலில் விரலை விட்டுக் கழலாது. இருவருக்கும் மாலை வேளையில், வீட்டுக்குள் கதகதப்பாக இருக்கும்போது, 6 மில்லிமீட்டர் அகலமுள்ள அளவு வளையத்தால் எடுங்கள். கடைகளில் தரும் மெல்லிய வளையத்தால் எடுத்தால் அகல மோதிரம் அரை அளவு இறுகும். திருமணம் ஊரிலும் நடப்பதாக இருந்தால் வெயில் கால அளவையே ஆசாரிக்குச் சொல்லுங்கள். குளிரில் கொஞ்சம் சுழன்றால் உள்பக்கத்தில் இரண்டு சிறு மணிகளைப் பற்றவைத்துச் சரிசெய்துவிடலாம். அதை டப்ளினில் எந்தப் பட்டறையிலும் செய்து தருவார்கள்.